ஐந்தாவது இன்கோசி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மாடுகள் அத்தனையும் மலடாகட்டும், வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே உதிரட்டும். சத்தியம் செய்தாகிவிட்டது. இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

விதர்ஸ் துரை மடக்கு மேசையோடும் நான்கு போலீஸ்காரர்களோடும் சிபிந்தியின் ஊருக்கு வந்தபோது, லோமாலி மாட்டுப்பட்டி வாசலில் உட்கார்ந்து மூக்குப்பொடி அரைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஊர்த் தலைவரான இன்கோசி சிபிந்திக்கு அவள் அக்கா. ஊரே சிபிந்தியின் முன்னால் குனியும்; சிபிந்தி அக்காவின் முன்னால் குனிவார். துரைக்கு இது தெரியாது. கல்லூரியில் சொல்லித் தரவில்லை போலும்.

துரை நின்றபடியே காகிதத்தை வாசித்தார். முசீரா மாவட்டத்தில் இனி இன்கோசிகள் நான்கு பேர் மட்டுமே. சிபிந்தி ஐந்தாவது ஆள். ஆகவே அவர் இன்றுமுதல் இன்கோசி அல்ல. அவருடைய மக்கள் மலைக்கு அந்தப் பக்கமுள்ள குமேதாவுக்குக் கீழே போவார்கள்.

"குமேதாவா?" என்றாள் லோமாலி. "அவனுக்கு என்ன இருக்குன்னு?"

"செங்கல் வீடு கட்டியிருக்கான்."

"செங்கல் வீட்டுக்குள்ள பூனைகூடத்தான் இருக்கு தொரை. அதையும் இன்கோசி ஆக்கிடுவீங்களா?"

போலீஸ்காரர்களில் ஒருவன் இருமினான். அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

காகிதத்தில் சிபிந்தி கைநாட்டு வைத்தால்தான் உத்தரவு செல்லும். அதையும் அவர் தன் சொந்த ஊரில், தன் பட்டி வாசலில் வைக்கவேண்டும். முன்பொரு துரை ஒரு தலைவரைச் சிறையில் உட்காரவைத்துக் கைநாட்டு வாங்கி, மேலிடத்தில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அதிலிருந்து இந்தச் சட்டம். சிபிந்தி அன்று வேட்டைக்குப் போயிருந்தார். வருகிற வியாழக்கிழமை வருகிறேன் என்று துரை மேசையை மடக்கினார்.

"ஒரு சந்தேகம் தொரை," என்றாள் லோமாலி. "உங்க உத்தரவு எதுவரைக்கும் செல்லும்?"

"கவீசி ஓடை வரைக்கும். ஓடைக்கு அந்தாண்ட லும்பேசி மாவட்டம். அது மக்கின் துரையோடது."

"சரி. பாத்துப் போங்க. வழியில முள்ளு ஜாஸ்தி."

சிபிந்தி சாயங்காலம் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் இரண்டு ஈட்டிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்த ஊரில் மிஞ்சியிருந்தவையே இரண்டுதான். அதில் ஒன்றை ஆலோசகர் லுக்கெலேயின் வீட்டில் இறைச்சி சுடப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"சண்டை போட்டுடலாங்கா. நம்ம தாத்தன் தெக்கேருந்து இங்க வர்ற வரைக்கும் யாருக்காவது குனிஞ்சாரா? நான் போயி குமேதா முன்னாடி மண்டி போடுறதா?"

"ஈட்டிய மொதல்ல கழுவு, கொழுப்பு வழியுது," என்றாள் லோமாலி. "உக்காரு. நம்ம ஊரு எங்கடா இருக்கு?"

"இதென்ன கேள்வி? இங்கதான்."

"தாத்தன் காலத்துல?"

"தாத்தன் பதினோரு தடவ எடம் மாத்தினாரு. பட்டி எங்க நிக்குதோ அதுதான ஊரு. பேரும் கூடவே வரும்."

"அப்ப பட்டி நடந்தா ஊரு நடந்துச்சுன்னுதான அர்த்தம்?"

சிபிந்தி ஓடைப் பக்கம் பார்த்தார். அரை மைல்கூட இல்லை. பிறகு பட்டியின் நடுவே, தன் தகப்பனைப் புதைத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"அப்பாவ என்ன பண்றது?"

"அப்பாவ அப்பாகிட்டயே கேப்போம்."

தகப்பன் போன அன்றே பெரிய கறுப்பு எருது ஒன்றை அவர் பேரில் விட்டிருந்தார்கள். அவர் எதைச் சொல்வதானாலும் அதன் வழியாகத்தான் சொல்வார். லோமாலி எருதின் காதருகே போய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். எருது சிறிது யோசித்தது. பட்டியைவிட்டு வெளியே வந்தது. ஓடையை நோக்கி நடந்தது. போகிற வழியில் துரையின் மேசை நின்ற இடத்தில் சாணி போட்டது. இதற்குமேல் அபிப்பிராயம் யாருக்கும் தேவைப்படவில்லை.

வியாழன் காலை அறுபத்திரண்டு கூரைகள் சுவரைவிட்டு எழுந்தன. ஒரு கூரைக்குப் பதினோரு ஆண்கள் தோள் கொடுத்தார்கள். பெண்கள் கூரைக்கு அடியிலேயே நடந்தபடி மக்காச்சோளம் இடித்தார்கள், வேலை கெடவில்லை. மூன்றாவது கூரையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி இறங்கவே இல்லை, ஓடையின் நடுவில் குஞ்சு பொரித்தது. லுக்கெலே முந்தைய நாள் கேழ்வரகுக் கள் குடித்துவிட்டுத் தூங்கியவர். அவர் கூரை போனபோது பாயும் போயிற்று, பாயோடு அவரும் போனார். எழுந்து வாசலுக்கு வந்தவர், "சூரியன் எடம் மாறி நிக்குதே" என்று குறைபட்டுக்கொண்டார்.

துரை வந்தபோது கூரையில்லாத அறுபத்திரண்டு வட்டச் சுவர்கள் நின்றன. அடுப்புகளில் சூடு இருந்தது. ஊர் இல்லை. ஓடைக்கு அக்கரையில் லோமாலி மூக்குப்பொடி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"சிபிந்தி எங்கே?" என்று துரை கத்தினார்.

"ஊர்ல இருக்காரு."

"ஊர் எங்கே?"

"இங்க இருக்கு."

"அது லும்பேசி மாவட்டம்! அங்க என் உத்தரவு செல்லாது!"

"அதத்தான் தொரை நானும் சொல்றேன்."

துரை மக்கின் துரைக்குக் கடிதம் எழுதினார். மக்கின் துரைக்கும் நான்கு பேர்தான் கணக்கு. ஐந்தாவது ஆள் அவருக்கும் வேண்டாம். அவரும் ஒரு காகிதம் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வந்தார். அதற்குள் ஊர் இக்கரைக்கு வந்துவிட்டிருந்தது. விதர்ஸ் துரை புதன்கிழமை வந்தார். ஊர் அக்கரையில் இருந்தது. இப்படியே ஒன்பது தடவை. வீடுகள் எல்லாம் நடப்பவைதான் என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். எருது மட்டும் கொஞ்சம் இளைத்துப்போனது.

கடைசியில் துரைகள் இருவரும் பேசிவைத்துக்கொண்டு, ஒரே நாளில், இரண்டு கரையிலும் வந்து நின்றார்கள்.

"மாட்டிக்கிட்டோம்கா," என்றார் சிபிந்தி.

"எங்கடா மாட்டினோம்? எல்லை எங்க போவுது?"

"ஓடையோட நட்டநடுவுல."

"அப்ப அங்க போ."

ஊர் தண்ணீரில் இறங்கியது. இடுப்பளவு நீரில் எழுநூறு ஆண்கள் அறுபத்திரண்டு கூரைகளையும் தலைக்குமேல் தாங்கி நின்றார்கள். பட்டிக் கம்புகளை ஓடைப்படுகையில் ஊன்றினார்கள். எருது நடுவில் நின்று தண்ணீர் குடித்தது. சிபிந்தி சிறுத்தைத் தோலும் கேடயமுமாகப் பட்டி வாசலில் நின்றார். இடது கால் முசீராவில், வலது கால் லும்பேசியில்.

இரண்டு துரைகளும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காகிதங்களோடு இறங்கினார்கள்.

"அவரோட வலது கை உங்க பக்கம். நீங்களே வாங்கிக்கங்க," என்றார் விதர்ஸ்.

"நெஞ்சு உங்க பக்கம்தான் சாஞ்சிருக்கு," என்றார் மக்கின். "ஆளு உங்களோடது."

"நேத்து ராத்திரி சாப்பிட்டது உங்க மாவட்டத்துல!"

"பொறந்தது உங்களோடதுல!"

"சண்ட போடாதீங்க தொரைங்களா," என்றாள் லோமாலி. தண்ணீர் அவள் மார்பு வரை இருந்தது. பொடி டப்பாவைத் தலையில் வைத்திருந்தாள். "எந்தக் கட்ட வெரலு எந்த மாவட்டம்னு நீங்க ரெண்டு பேரும் மொதல்ல தீத்துக்கங்க. நாங்க நிக்கிறோம். எங்க ஆளுங்க நிப்பாங்க. மழ வந்தாலும் நிப்பாங்க. ஆனா ஒண்ணு. என் தம்பி கைய எவன் இழுத்தாலும், அறுபத்திரண்டு கூரையும் அவன் தலையில எறங்கும்."

யாரும் இழுக்கவில்லை. எழுநூறு பேரும் ஒரே குரலில் "பயேத்தே!" என்று இன்கோசிக்கு வணக்கம் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் விதர்ஸ் துரையின் கையிலிருந்த காகிதம் நழுவியது. மக்கின் துரை அதைப் பிடிக்கக் குனிந்தபோது அவருடையதும் போயிற்று. இரண்டு உத்தரவுகளும் அருகருகே மிதந்து, வளைவைத் தாண்டி, முதலைகள் இருக்கும் பக்கமாகப் போயின.

துரைகள் எழுதிக் கேட்டதற்கு மறுமாதம் தலைநகரிலிருந்து பதில் வந்தது. மாவட்டத்துக்கு நான்கு இன்கோசிகள்; சிபிந்தி தனி. அவருடைய எல்லை, அவர் நிற்கும் இடம். லோமாலி அதைக் கேட்டுவிட்டு, "இத சொல்ல ஒரு மாசமா?" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "இப்ப எங்க நிக்கப்போற?" என்று கேட்டாள்.

"பழைய எடத்துலதாங்கா. அடுப்புக் கல்லு எல்லாம் அங்கதான இருக்கு."

கூரைகள் மறுபடியும் பழைய சுவர்களில் இறங்கின. குமேதா செங்கல் வீட்டு வாசலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேள்விப்பட்டார். சிபிந்தி அவர் முன்னால் மண்டியிடவில்லை. இன்றுவரை அந்த வம்சத்தில் யாரும் மண்டியிட்டதில்லை.

முசீராவும் லும்பேசியும் அப்போது ஒரே மாவட்டம். அதை இரண்டாகப் பிரித்தது பதினோரு ஆண்டுகள் கழித்து. என் பல் ஒன்று ஆடுகிறது.