கூரைக்கும் பலகைக்கும் நடுவே

வீடு கட்டி முடிந்துவிட்டது. ஆனால் மாடி அறை அடுப்பாகக் கொதித்தது. தகரக் கூரைக்கும் அதற்குக் கீழே அடிக்கப் போகும் பலகைக்கும் நடுவில் சூட்டைத் தடுக்க ஏதாவது பரப்பினால்தான் அங்கே ஆள் படுக்க முடியும் என்று தச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். எதைப் பரப்புவது என்பதில்தான் வீடு கட்டிய தையல்காரிக்குத் தூக்கம் போயிற்று.

காரணம் அவள் நாத்தனாரின் கணவர். ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்ப்பவராக இருந்ததால் அவருக்கு ஜில்லு மாமா என்று பெயர். கம்பெனி மூடியதிலிருந்து சும்மா இருந்தார். அஸ்திவாரம் போட்டபோதும் சுவர் எழுந்தபோதும் எட்டிப் பார்க்காத மனிதர், கூரை என்றதும் தினமும் வந்து நின்றார்.

"ஃபோம் ஷீட் போடும்மா. கனமே இருக்காது. நானே கொண்டாந்து தரேன்."

"கண்ணாடிப் பஞ்சு நல்லதுன்னு தச்சர் சொல்றாரேண்ணா."

"அது உடம்பெல்லாம் அரிக்கும். என் வீட்டுக்கே நான் இதைத்தான் போட்டிருக்கேன்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளுக்கு உறுத்தியது. என் பெண்டாட்டிக்கே இதைத்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று சாயம்போகும் புடவையைத் தலையில் கட்டிய எத்தனை கடைக்காரர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

"மாமா எதுக்கு நமக்குக் கெடுதல் நினைக்கப் போறாரு?" என்றான் பஸ் ஓட்டும் கணவன். "உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்."

"இப்படி விழுந்தடிச்சு வந்தா சந்தேகம் வராம என்ன வரும்?"

ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமலே, ஜில்லு மாமா ஒரு வேனில் ஷீட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். கட்டின் மேல் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருந்தது.

"இதை யாருண்ணா கிழிச்சது?"

"வண்டில உரசியிருக்கும்மா."

"நெருப்புப் பிடிக்குமா இது?"

"பிடிக்கவே பிடிக்காது. கடைக்காரன் என் சிநேகிதன்தான்." சொல்லிவிட்டு அவர் நெற்றியைத் துடைத்தார். அதையும் அவள் கவனித்துக்கொண்டாள்.

துணி வாங்கும்போது ஓரத்து நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பது அவள் வழக்கம். பருத்தி என்றால் சாம்பலாகும், நைலான் என்றால் உருகும். ஒரு ஷீட்டின் மூலையை உடைத்து, பின்வாசலில் செங்கல்மேல் வைத்து, தீக்குச்சியைக் காட்டினாள்.

குப்பென்று பிடித்துக்கொண்டது. கரும்புகை சுவரேறியது. துண்டு உருகி, எரிந்தபடியே சொட்டுச்சொட்டாகத் தரையில் விழுந்தது. கணவன் ஓடிப்போய் ஒரு வாளி மண்ணைக் கொட்டினான்.

ஜில்லு மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள் அவள். கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பசங்க ரூமுக்கு மேல இருக்கு."

"எந்தப் பசங்க?"

"என் பசங்கதான். கரண்டு ஒயரெல்லாம் அதுக்குள்ளதான் போகுது."

மூவரும் அப்படியே கிளம்பினார்கள். அவர் வீட்டில் முதலில் மெயினை அணைத்தார்கள். நாத்தனார் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஜில்லு மாமா ஏறிப் பலகைகளைக் கழற்றினார். அதே வெள்ளை ஷீட்டுகள். மின்விசிறிக்கு மேலே ஒயர் சேரும் இடத்தில் ஷீட் பழுப்பேறி, உள்ளங்கை அளவுக்குக் குழிந்து உருகியிருந்தது. அவர் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு ஷீட்டாகப் பிடுங்கிக் கீழே போட்டார்.

கை கழுவும்போது நாத்தனார் கேட்டாள், "அவர் உங்களை ஏமாத்தறார்னு நினைச்சியா?"

மழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. "ஆமா அண்ணி."

நாத்தனார் குழாயை மூடினாள். "நானும்தான். இவ்வளவு அலையறாரே, அந்தச் சிநேகிதன்கிட்ட ஏதோ கமிஷன் வாங்கறார்னு நினைச்சேன். நேத்து சண்டையே போட்டேன். அதுக்கு அவர் சொன்னாரு, 'வீடு கட்டறாங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கல. எனக்குத் தெரிஞ்சது சூடும் குளிர்ச்சியும்தான். அதையாவது செஞ்சு தரக் கூடாதா'ன்னு. அதையும் நான் நம்பல."

தையல்காரி, அவர் எட்டிப் பார்க்கவில்லை என்று குறைபட்டாளே தவிர, ஒருநாளாவது அவரைக் கூப்பிட்டோமா என்று யோசித்ததே இல்லை.

சிநேகிதனிடம் ஜில்லு மாமா என்ன பேசினாரோ, ஷீட்டுகளைத் திரும்ப எடுத்துப் போக வண்டி வந்தது. இரண்டு வீட்டுக்கும் கல்லை உருக்கிச் செய்யும் பஞ்சு என்று முடிவாயிற்று. வாங்கும் முன் கடை வாசலிலேயே அவர் ஒரு பிடியைப் பிய்த்து நெருப்பைக் காட்டினார். பஞ்சின் ஓரம் சிவந்து, அப்படியே அணைந்தது.

வேலை நாளில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவர் தச்சரோடு மேலே ஏறினார். தையல்காரி ஏணியில் நின்று ஒவ்வொரு சுருளாக எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கழுத்தை நீட்டி இண்டு இடுக்கெல்லாம் நோட்டம்விட்டாள்.

"நல்லாப் பாத்துக்கோம்மா," என்றார் அவர், துணிக்குள்ளிருந்து. கோபம் இல்லை குரலில். "எங்க வீட்டுக்கும் நீயே வந்து பாரு."