மூடி கழற்றாத கார்டு

என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் ஒரு கதை உண்டு. ஒரு புத்திசாலி, கேம் படம் திக்காமல் ஓடுவதற்காக ஆசை ஆசையாய் கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொண்டு போனான். அதைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டினான். மானிட்டர் கேபிளை மட்டும் கார்டில் செருகாமல் மதர்போர்டின் பழைய ஓட்டையிலேயே செருகிவிட்டு, "உன் கார்டு டப்பா கார்டு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். படம் கார்டு வழியாக வரவே இல்லை; கார்டு பாட்டுக்கு உள்ளே சம்பளம் வாங்காத ஆள் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. இதைச் சொல்லிவிட்டு நானே முதலில் சிரிப்பேன். பன்னிரண்டு வருஷமாக இப்படிச் சிரித்திருக்கிறேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அக்கா புருஷன் போன மாதம் கடைக்கு வந்தபோதும் இதைத்தான் சொன்னேன். அத்தான் பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. பேச்சு குறைவு. நான் பேசுவதில் பத்தில் ஒரு பங்கு பேசினாலே அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டிவிடும். அன்று சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று கார்டுகளின் பெயர், பக்கத்தில் விலை, அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். தேர்வுக்குப் படித்த பையன் மாதிரி தயாராகி வந்திருந்தார்.

"எதுக்கு அத்தான் இந்த வயசுல கேமு?" என்றேன்.

"அவ கூப்பிட்டிருக்கா" என்றார்.

அவ என்றால் அவர் மகள். நர்ஸ் வேலை கிடைத்து இரண்டு வருஷத்துக்கு முன் தூர தேசம் போனவள். போகப்போகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தான் பாதியில் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தால் ஆள் எதிரே நிற்கமாட்டார். அக்காவுக்கும் எனக்கும் அது தெரியும். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்குத் தன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து அவள் போன் பண்ணுவது அக்காவுக்கு மட்டும்தான். இவரும் போனைக் கொடு என்று கேட்பதில்லை, அவளும் அப்பாவிடம் கொடு என்று கேட்பதில்லை. இரண்டும் ஒரே அச்சு.

போன மாதம் அவளே மனசு இறங்கி வந்திருந்தாள். சின்ன வயதில் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்துக்கொண்டு இருவரும் ஆடிய கார் ரேஸ் கேம் புதிதாக வந்திருக்கிறதாம், அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே நெட்டில் சேர்ந்து ஆடலாமாம், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அப்பாவை அதில் வரச் சொல் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அத்தானின் பழைய கம்ப்யூட்டரில் தனி கார்டே கிடையாது. கேம் திறக்கும், ஓடாது.

அத்தான் தாளில் முதல் பெயரைத் தொட்டார். "இது செகண்ட் ஹேண்ட்ல வருது மச்சான். எட்டு ஜிபி, மூணு ஃபேன்."

"மூணு ஃபேன் வெச்சு என்ன, வீட்டுக்கே காத்து வாங்கப்போறீங்களா? அது உங்க பெட்டிக்குள்ள நுழையவே நுழையாது. நுழைஞ்சாலும் அது குடிக்கிற கரண்டுக்கு, உள்ளே கரண்ட் சப்ளை பண்ற உங்க எஸ்எம்பிஎஸ் மூச்சு முட்டிச் செத்துடும்."

"அப்ப இது?"

"அது ராத்திரி பகலா யாரோ போட்டுப் பிழிஞ்ச கார்டு. சக்கைதான் மிச்சம்."

அலமாரியிலிருந்து நான் எடுத்து வைத்தது கையகலக் கார்டு. ஒற்றை ஃபேன், ஆறு ஜிபி, புத்தம் புதுசு. தனியாகக் கரண்ட் வயர் கேட்காது. அவருடைய சின்ன மானிட்டருக்கும் சின்ன பட்ஜெட்டுக்கும் அதைவிடப் பொருத்தமான கார்டு கிடையாது. இதை இப்போதும் சொல்வேன். தேர்வில் நான் தப்புப் பண்ணவில்லை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னதா இருக்கே. நடுவுல நின்னுடாதே? அவ காத்துட்டிருப்பா."

"நின்னுச்சுன்னா என் பேரை மாத்திக்கறேன்" என்றேன்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் நானே மாட்டினேன். பெட்டியை மேஜைக்கு அடியில் உள்ள தட்டில் தள்ளினேன். முதுகுப்புறம் சுவரை ஒட்டிக்கொண்டது. "டார்ச் வேணுமா மச்சான்?" என்று அத்தான் குனிந்து கேட்டார். எனக்கா டார்ச்? "கண்ணைக் கட்டிவிட்டாலும் செருகுவேன், தள்ளுங்க" என்று அக்காவோடு பேசிக்கொண்டே கையை மட்டும் பின்னால் விட்டுத் துழாவிக் கேபிளைச் செருகினேன். மானிட்டரில் படம் வந்தது. கேமைப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஞாயிறு பத்தரைக்கு அத்தான் போன் பண்ணினார். "மச்சான், திக்கித் திக்கிப் போகுது. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

முன்னாடி எப்படி இருந்ததோ அப்படியே. மனுஷன் வியாதியை வரிக்கு வரி சரியாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பேன். என் கையே தப்புப் பண்ணும் என்று எனக்குத் தோன்றினால்தானே?

"எதையாவது நோண்டியிருப்பீங்க. செட்டிங்ஸ் குறைங்க" என்றேன்.

அடுத்த வாரமும் அதே போன். கடையில் கூட்டம், எனக்கு எரிச்சல். "அத்தான், கார்டு நல்ல கார்டு. உங்க கைதான் லேட்டு. பஸ் ஓட்டற வேகத்துல ரேஸ் ஓட்டுனா இப்படித்தான்" என்றேன். அவர் "சரி மச்சான்" என்று வைத்துவிட்டார்.

அதே நாள் அவர் மகளிடமிருந்தும் செய்தி வந்தது. "மாமா, அப்பா கம்ப்யூட்டர்ல ஏதாவது பிரச்சனையா? அம்மா ஏதோ சொன்னாங்க." நான் யோசிக்கவே இல்லை. "சேச்சே, என் கையால மாட்டினது. கம்ப்யூட்டர் கல்லு மாதிரி இருக்கு" என்று தட்டி அனுப்பினேன்.

மூன்றாம் ஞாயிறு மதியம் இன்னொரு செய்தி வந்தது. "மாமா, மூணு வாரமும் அப்பா பாதியிலேயே போயிட்டார். ‘ஆட்டக்காரர் வெளியேறிவிட்டார்’னு வருது. அன்னிக்கு எழுந்து போன மாதிரியேதான். எனக்குப் புரிஞ்சுடுச்சு. இனிமே அவரை வற்புறுத்த வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அதுவும் அத்தான் மேல். பெற்ற பெண் இறங்கி வந்தும் இந்த மனுஷனால் ஒரு அரை மணி நேரம் உட்கார முடியவில்லையா? நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தான் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். தனியாகப் பயிற்சி ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் கார் இரண்டடி போவதும் உறைவதுமாக இருந்தது. கேட்க வந்ததையெல்லாம் விட்டுவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்தேன். பெட்டியை வெளியே இழுத்து முதுகுப்புறம் திருப்பினேன்.

கார்டின் மூன்று ஓட்டைகளிலும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் அப்படியே இருந்தன. தொழிற்சாலையில் போட்ட மூடி. கேபிள் மேலே, மதர்போர்டின் பழைய ஓட்டையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. என் கதையில் வரும் புத்திசாலி நான்தான்.

"என்ன மச்சான், கண்டுபிடிச்சிட்டியா?" என்று அத்தான் மேலிருந்து கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தமில்லாமல் மூடிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். கேபிளைக் கார்டுக்கு மாற்றினேன். எழுந்து, "ஒரு அப்டேட் பாக்கி இருந்துச்சு அத்தான், போட்டுட்டேன்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

கார் வழுக்கிக்கொண்டு போனது. வளைவு, பாலம், மழை, எதிலும் ஒரு திக்கல் இல்லை. அத்தான் முழுச் சுற்றும் முடித்து முதலாவதாக வந்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"உன்னோடது ராசியான கை மச்சான்" என்றார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "என் கைதான் தளர்ந்துபோச்சுன்னு நெனச்சேன். நீ சொன்ன பிறகு பஸ்ஸைக்கூட பயந்து பயந்துதான் ஓட்டறேன். ஜனங்க உட்கார்ந்திருக்காங்களே."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பையிலிருந்து மூன்று மூடிகளையும் எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"அப்டேட் எல்லாம் ஒண்ணுமில்ல அத்தான். நான்தான் கேபிளைத் தப்பா செருகிட்டேன். உங்க கை நல்லா இருக்கு. மூணு வாரமா உங்க மேல பழியைப் போட்டுட்டேன்."

அவர் ஒரு மூடியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். சமையலறையிலிருந்து வந்த அக்காதான், "அடப்பாவி, உன்னை நம்பினோமேடா" என்றாள். அத்தான் அவளைக் கையமர்த்தினார். அவரிடம் திட்டு வாங்கியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இன்னும் மோசமான பாகம் மிச்சம் இருந்தது. என் போனை எடுத்து அவள் அனுப்பிய செய்தியை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். நான் அவளுக்கு அனுப்பிய பதிலும் அதற்கு மேலேயே இருந்தது. அதையும் படித்தார்.

"அன்னிக்கு எழுந்து போன மாதிரியே..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

நான் அவளைக் கூப்பிட்டேன். "என்ன மாமா?" என்றாள், களைத்த குரலில்.

"உங்கப்பா வெளியேறலம்மா. கம்ப்யூட்டர் நின்னுச்சு, அது அப்படிக் காட்டியிருக்கு. கேபிளை மதர்போர்டுல செருகினது இந்த மாமாதான். உன்கிட்ட கல்லு மாதிரி இருக்குன்னு பொய் சொன்னதும் நான்தான்."

அவள் சிரிப்பாள் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. சின்ன வயதில் என் புத்திசாலி கதைக்கு அதிகம் சிரித்தவள் அவள்தான். இன்று சிரிக்கவில்லை.

"மூணு வாரம் மாமா" என்றாள். "மூணு வாரமும் ரேஸ் முடிஞ்சு பாத்ரூம்ல போய் அழுதுட்டு டியூட்டிக்குப் போனேன்."



"அப்பாகிட்ட குடுங்க" என்றாள்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவை கேட்கிறாள். போனைக் கொடுத்தேன். அத்தான் அதைக் காதில் வைத்துக்கொண்டு இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கவில்லை, எழுந்தும் போகவில்லை, நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தும்.

"நான் எழுந்து போகலம்மா" என்றார். "மூணு வாரமும் இந்த நாற்காலியிலதான் இருந்தேன். அன்னிக்கும் எங்கயும் போகல. கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்."