ரூடி வாங்கிக் கொடுத்த பிராந்தி

1

எங்கள் தெருமுனை பாரில் கவிழ்த்து வைத்த ஒரு சின்னக் கிளாஸைப் பார்த்துத்தான் இந்தக் கதை வந்தது. அமெரிக்காவில் எங்கள் ஊரான மில்வாக்கியில் ஒருவன் உங்களுக்குக் குடிக்க வாங்கித் தந்தால், உங்கள் முன்னால் காலிக் கிளாஸைக் கவிழ்த்து வைப்பார்கள். அதை வேண்டாமென்றால் வாங்கித் தந்தவனையே வேண்டாமென்ற மாதிரி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மங்கிய வெளிச்சத்தின் மடியில், பனிக்கால மதியம்...’

சகிக்கவில்லை. வெளிச்சத்துக்கு ஏது மடி? உள்ளே இருட்டு, அவ்வளவுதான். அழுத முகமா, வேலை போன முகமா என்று எவனுக்கும் தெரியாது. அதற்காகத்தான் போகிறோம்.

2

வெர்ன் குடியை விட்டுவிட்டான், பாரை விடவில்லை. (குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? அவன் வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது, பேசத்தான் ஆளில்லை.) பார் நடத்தும் ஜாய்ஸ் அவனுக்கு பிராந்திக் கிளாஸில் கோலா ஊற்றித் தருவாள்.*

* எங்கள் ஊரில் பிராந்திக்குப் போடுவது போல மேலே ஒரு செர்ரியும் மிதக்கும். அது ஜாய்ஸின் யோசனை. பார்க்கிறவன் பிராந்தியென்றே நம்புவான்.

ரூடி, வெர்னின் தங்கை இர்மாவின் புருஷன். ரூடி மகளின் கல்யாணத்தில் வெர்ன் குடித்துவிட்டு ஆடிய ஆட்டத்தோடு பேச்சு நின்றது. தங்கையும் வருவதில்லை. அதில்தான் வெர்ன் உடைந்துபோனான்.

அன்று ரூடி பாருக்குள் வந்தான். ஜாய்ஸ் வெர்னின் முன்னால் கிளாஸைக் கவிழ்த்தாள்.

“ரூடி வாங்கித் தர்றான்டா. நீ குடிக்கிறேன்னு நெனச்சுட்டான். சொல்லிடவா?”

“வாயத் தொறக்காத.”

“கமுக்கமா கோலாவே ஊத்திடறேன்.”

அதற்குள் ரூடி பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டான். “ஒரே பாட்டில்ல ரெண்டு பேருக்கும் ஊத்து ஜாய்ஸ். என்ன மச்சான், ஊமையாயிட்டியா? இர்மா வெளிய கார்ல இருக்கா. நீ ஒரு வாய் குடிச்சதும் போய்க் கூட்டிட்டு வரேன்.”

3

முதல் முடிவில் வெர்ன் குடித்தான். இர்மா உள்ளே வந்தாள், அவன் மூச்சை...

இல்லை, அதை எழுதமாட்டேன்.

இரண்டாவதில் உண்மையைச் சொன்னான்: “குடிய விட்டுட்டேன் மாப்ள.” ரூடி சிரித்தான். “எத்தன தடவடா இதையே சொல்லுவ? முன்னாடி கிளாஸ வெச்சுக்கிட்டே!” அவன் சிரித்ததில் தப்பில்லை. வெர்ன் இதே சத்தியத்தை முன்பும் அவனிடம் செய்து மீறியவன்.

4

மூன்றாவதில் ஜாய்ஸ் ஊற்றிவிட்டாள். பிராந்தி வாசனை வெர்னின் மூக்கில் ஏறியது, நாக்கு ஊறியது. அவனுக்குப் பயமாக இருந்தது. கையைப் பிராந்திக் கிளாஸிலிருந்து இழுத்து, தான் குடித்துக்கொண்டிருந்த கோலாக் கிளாஸை ரூடியின் பக்கம் தள்ளினான்.

“மொதல்ல இத நீ குடிச்சுப் பாரு.”

“உன் எச்சிய நான் ஏன்டா குடிக்கணும்?”

“குடி மாப்ள. தயவுசெஞ்சு.”

ரூடி வாங்கி ஒரு வாய் குடித்தான். கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

இங்கே நிறுத்துகிறேன். எனக்கு ரூடியைத் தெரியும். கட்டிக்கொண்டு அழவும் கூடியவன், ‘என்னிடம் மறைத்து வேடிக்கை பார்த்தாயா’ என்று எழுந்து போகவும் கூடியவன். வெர்ன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான், பிராந்தி இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். ரூடி சொல்லும்வரை காத்திருப்பீர்களா, நீங்களே போய் இர்மாவைக் கூட்டிவருவீர்களா?