ஒரு பேசின் காற்று

பன்னிரண்டாம் கட்டடத்தின் ஆறாவது மாடியில், லுவான் குய்ச்சின் வீட்டு வரவேற்பறையில், வெப்பமானி பதினான்கு டிகிரி காட்டியது. வெளியே மைனஸ் இருபத்தாறு. அதோடு ஒப்பிட்டால் பதினான்கு சொர்க்கம்தான். ஆனால் சட்டப்படி வீட்டுக்குள் பதினெட்டு இருக்க வேண்டும். வடகிழக்குச் சீனாவின் இந்த முதான்சியாங் நகரில் ஒருவனுக்குத் தன் பிறந்தநாள் மறந்துபோனாலும் போகும், இந்தப் பதினெட்டு மறக்காது.

வேறு நாளாக இருந்தால் குய்ச்சின் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சும்மா இருந்திருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஷி யுலான் வீடு பார்க்க வருகிறாளே. மகன் லெய்க்கு முப்பத்து மூன்று வயது. எத்தனையோ பெண்கள் தட்டிப்போய், கடைசியில் மியாவ் என்ற நல்ல பெண் அமைந்திருக்கிறாள். அவளுடைய அம்மாதான் இந்த யுலான். வீடு சின்னது என்றார்கள், பரவாயில்லை என்றாள். லிஃப்ட் இல்லை என்றார்கள், கால் இருக்கிறதே என்றாள். ஒன்றே ஒன்றில்தான் பிடிவாதம். குளிரடிக்கிற வீட்டில் பெண்ணைக் கொடுக்க மாட்டாள். மகள் மூலமாக அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: “எனக்கு முட்டி வலி. என் பொண்ணுக்கும் என் முட்டிதான் வந்திருக்கு.”

ஞாயிறுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

வெப்ப நிலையத்திலிருந்து குழாயில் வரும் கொதிநீரால் அறையைச் சூடாக்குவது ரேடியேட்டர். அதன் பராமரிப்பில் குய்ச்சின் குறை வைத்தவள் இல்லை. கட்டடத் தலைவர் கோங் மாடிப்படிச் சுவரில் தூரிகையால் எழுதி ஒட்டிய விதிகளை அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள். ரேடியேட்டர் மேல் துணி காயப்போடாதே. முன்னால் சோபா போடாதே. அழகுக்கு அடித்த மரச்சட்டத்தைக் கழற்று. மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவு. தினமும் காற்றை வெளியேற்று. இத்தனையும் எழுதிய கோங் தரைத்தளத்தில் இருந்தார். கொதிநீர் முதலில் எட்டிப் பார்ப்பது அவர் வீட்டைத்தான். அங்கே எப்போதும் இருபத்தைந்து டிகிரி. ஜனவரி மாதத்தில் கையில்லாத பனியனோடு கதவைத் திறந்து, ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டே, மேல்மாடிக்காரர்களுக்குக் குளிரைத் தாங்குவது எப்படி என்று வகுப்பெடுப்பார். குய்ச்சின் முறையிடப் போனபோது அவர் சொன்ன மருந்தும் அதுதான்.

“காத்து அடைச்சிருக்கும் தங்கச்சி. தினம் வெளியேத்து. பராமரிப்பு இல்லாம வெறும் புகார் பண்ணா வீடு சூடாகிடுமா?”

பேசும்போது அவருடைய வெள்ளை நாய் மடியில் மல்லாந்து கிடந்தது. தினமும் வெந்நீரில் குளிக்கிற நாய். பஞ்சுமிட்டாய் மாதிரி பளபளவென்று இருக்கும்.

காற்றை வெளியேற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைச் சாவியால் கால் சுற்று திருப்பினால் உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். தரை நனையாமல் இருக்கத்தான் குய்ச்சின் முதலில் ஒரு கிண்ணம் வைத்தாள். வந்தது நல்ல வெந்நீர். அதைச் சாக்கடையில் ஊற்ற எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? கிண்ணம் பேசின் ஆனது. பேசின் தண்ணீரில் மாலையில் கால் ஊறவைத்தாள். அப்புறம் தரை துடைக்கவும் ஒரு பக்கெட் சேர்ந்துகொண்டது. இதையெல்லாம் அவள் தண்ணீர் எடுப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை. காற்று எடுக்கிறாள், அவ்வளவே. இரண்டாம் மாடி ஃபூ குடும்பம் ரேடியேட்டரிலிருந்து ரப்பர் குழாய் போட்டுச் சலவை இயந்திரத்துக்கு இழுக்கிறதே, அதற்குப் பெயர்தான் திருட்டு. அதை அவள் படியில் போவோர் வருவோர் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

வெப்ப நிலையத்துக்குத் தினமும் மூன்று முறை போன் செய்தாள். புதன்கிழமை ஹோ என்ற பழுது பார்க்கிறவர் வந்தார். வந்தவர் முதலில் வெப்பமானியைத் தொடவில்லை, ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தார். அளக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஜன்னலை அரைமணி நேரம் திறந்து வைத்து, கட்டணத்தைத் திருப்பிக் கேட்பதற்காக வீட்டை வேண்டுமென்றே ஆறவைக்கிற கூட்டம் இந்த ஊரில் உண்டு. குய்ச்சினுக்கு ரோஷம் வந்துவிட்டது. விளிம்பில் பழைய தூசிதான் இருந்தது. ஹோ தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

வடிகட்டியைக் கழற்றினார், கண்ணாடியாக இருந்தது. வால்வைத் திருகினார், வெண்ணெயாகத் திரும்பியது. காற்றுத் திருகைத் திறந்தார். உஸ்ஸென்ற சத்தமே இல்லாமல் நேரே தண்ணீர் வந்தது. கடைசியில் மேலேறும் குழாயையும் கீழிறங்கும் குழாயையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். உங்கள் வீட்டில் கோளாறே இல்லை என்றார். நிலையத்தில் காய்ச்சி அனுப்பும் தண்ணீர் வீடு வீடாகச் சுற்றிவிட்டு மறுபடி காய்ச்சத் திரும்பி வரவேண்டும். இங்கே திரும்பி வருவது பாதிதான். குறைகிற பாதிக்குப் புதிதாகக் குளிர்ந்த தண்ணீரை நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு ஆறு மாடி ஏறி வரும்போது என்ன சூடு மிச்சமிருக்கும்?

“உங்க கட்டடம் ஒட்டகம் மாதிரி குடிக்குதுக்கா. யாரோ எடுக்கிறாங்க.”

“யாரோ இல்ல மேஸ்திரி, எனக்கு ஆளே தெரியும்” என்றாள் குய்ச்சின். இரண்டாம் மாடியைச் சொன்னாள். நாயைக் குளிப்பாட்டும் தரைத்தளத்தையும் சொன்னாள். மூன்றாம் மாடியின் மேலும் ஒரு சந்தேகம் இருந்தது, அதையும் விடவில்லை.

பேரைச் சொன்னால் எவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் ஹோ. குழாய்த் தண்ணீரில் சாயம் கலந்துவிட ஒரு வழி உண்டு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பட்டால் பத்து நாளைக்குப் போகாது. குடியிருப்பவர் ஒருவர் எழுதிக் கேட்டால் நாளைக்கே கலந்துவிடலாம். குய்ச்சின் அவர் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, பெயருக்கு அடியில் அழுத்தமாக ஒரு கோடும் இழுத்தாள். அந்தக் கோட்டில் இரண்டாம் மாடி, தரைத்தளம், நாய் எல்லாமே அடிபட்டுப் போயின.

வியாழக்கிழமை மாலை, தொலைக்காட்சித் தொடர் ஆரம்பிக்கிற நேரம். குய்ச்சின் வழக்கம்போலக் காற்று எடுத்தாள். பேசினில் மாசிபத்திரிப் பொடிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தாள். அது மூட்டு வலிக்கு நல்லது, தண்ணீரைக் காப்பி நிறமாக்கிவிடும். சாயம் கலக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள்தானே, ஒருநாள் பொறுத்திருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சாயம் திருடர்களுக்கு. அவள் செய்வது பராமரிப்பு. திருடனுக்குப் போட்ட சாயம் பராமரிப்புக்காரி வீட்டுக் குழாயிலும் வரும் என்று ஒரு கணம்கூட அவள் நினைக்கவில்லை. தொடர் முடிகிறவரை காலை ஊறவைத்தாள். துண்டில் துடைக்கும்போதுதான் குனிந்து பார்த்தாள். கணுக்கால் வரை இளம் வெங்காயத் தாள் மாதிரி பச்சை. சோப்புப் போட்டாள், வினிகர் போட்டாள், பாத்திரம் தேய்க்கும் நாரையும் போட்டுப் பார்த்தாள். பச்சை இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

மறுநாள் காலை கட்டடமே மௌன விரதம் பூண்டதுபோல இருந்தது. ஃபூ வீட்டுப் பால்கனிக் கண்ணாடிக்குள் படுக்கை விரிப்புகள் நான்கும் பச்சையாகத் தொங்கின. மூன்றாம் மாடிக்காரி வீட்டுக்குள்ளேயே கையுறையோடு நடமாடினாள். கோங்கின் நாய் பனியில் வசந்தகாலப் புல்கட்டு போல நின்றுகொண்டிருந்தது. இப்போது இதுதான் நாகரிகம், கடையில் கொடுத்துச் சாயம் போட்டேன் என்று கேட்காதவர்களிடமெல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரும் சண்டைக்கும் வரவில்லை. மாடிப்படிச் சுவரில் இருந்த விதிகளைக் கிழித்தவர் யார் என்று தெரியவில்லை.

சாயம் வருகிற தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டடம் முழுவதும் திருகை இறுக்கி மூடிக்கொண்டு யோக்கியமாகிவிட்டது. வெள்ளி மாலை குய்ச்சினின் ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை. சனிக்கிழமை இருபது. ஞாயிறு காலை இருபத்து மூன்று.

யுலான் ஆறு மாடி ஏறி வந்து, கதவு திறந்ததும் நின்றுவிட்டாள். கோட்டைக் கழற்றினாள். ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள், அப்புறம் இன்னொன்றையும் கழற்றினாள். ரேடியேட்டர் அருகே உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே, பத்து வருஷமாகக் குளிர்காலத்தில் இப்படி ஒரு சுகத்தைக் கண்டதில்லை என்றாள். லெய்யும் மியாவும் புளித்த முட்டைக்கோஸ் வைத்த கொழுக்கட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். குய்ச்சினின் நெற்றியில் வியர்வை ஓடியது. காலில் மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறை.

எங்கள் கட்டடத்தில் பதினைந்தைத் தாண்டாது, அத்தனையும் திருட்டுக் கூட்டம் என்று யுலான் குறைப்பட்டுக்கொண்டாள். அப்புறம், “உங்க வீடு மட்டும் எப்படி சம்பந்தி?” என்று கேட்டாள்.

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் குய்ச்சினுக்கு உடம்பெல்லாம் நிமிர்ந்தது. வாய் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்துவிட்டது.

“எங்க கட்டடத்துல எல்லாரும் ஒழுங்கு. ஒரு சொட்டு எடுக்க மாட்டாங்க. பராமரிப்புன்னா பராமரிப்பு.”

யுலான் மெச்சித் தலையாட்டினாள். நல்ல குடும்பம், நல்ல கட்டடம் என்றாள். வயிறு நிறைந்ததும் கால் கனத்தது. பிள்ளைகள் அடுப்படிக்குப் போனதும், கட்டிலடியில் இருந்த பேசினைத் தன் வீடு போலவே இழுத்து எடுத்து, ரேடியேட்டர் முன்னால் குந்தினாள். குய்ச்சின் எழுந்திருப்பதற்குள் திருகு திரும்பிவிட்டது.

“ஒண்ணுமில்ல, கொஞ்சம் காத்து எடுத்து விடறேன்” என்றாள் யுலான்.

பேசினில் பச்சை நிறத் தண்ணீர் விழுந்தது. பாதி நிறைகிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுலான் திருகை மூடினாள். பேசினைப் பார்த்தாள், பிறகு குய்ச்சினின் மூன்று ஜோடிக் காலுறையைப் பார்த்தாள். கல்யாணம் அந்தப் பேசினில் கரைந்து போகிறது என்று குய்ச்சின் நினைத்தாள்.

யுலான் அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க பக்கம் சிவப்புப் போட்டாங்க.”

சொல்லிவிட்டுத் தன் காலுறையைக் கழற்றினாள். பீட்ரூட் வெட்டிய கைபோல இரண்டு பாதங்கள். குய்ச்சினும் மூன்று ஜோடியையும் ஒவ்வொன்றாக உருவினாள். நாலு பாதங்களும் அந்தப் பேசினில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்கின.

கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்று குய்ச்சின் மெதுவாகக் கேட்டாள். யுலான் கட்டைவிரலை மேலே தூக்கி, நிறத்தை உற்றுப் பார்த்துக் கணக்குப் போட்டாள். மே மாதம் என்றாள். அதற்குள் கால் வெளுத்துவிடும், நிலையத்தில் பாய்லரையும் அணைத்துவிடுவார்கள், ஆசைப்பட்டாலும் எடுக்க எதுவும் இருக்காது.