குழிக்குப் போன பெட்டி

ஒரு வீடியோ கேம் பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும், தெரியுமா? பானுப்ரியாவுக்கு, தம்பி தீனாவைக் குளிப்பாட்டி முடிக்கிற நேரம்தான் இருந்தது.

வாசலில் கீற்று மறைப்புக்குள் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பெட்டியின் மூடியைத் தள்ளினாள். போன வருஷம் தீனா பெரிய டிஸ்க் மாற்றியபோது செல்போன் வெளிச்சம் பிடித்தது அவள்தான். அன்றைக்குக் கழற்றிய சின்ன டிஸ்க் அலமாரியிலேயே கிடந்தது. அதைப் பெரியதின் இடத்தில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

காலையில் அம்மா ஜெயம்மா சொல்லிவிட்டாள். "என் புள்ளைக்கு அதான் உசுரு. அவனோடயே குழியில வெச்சிடுங்க."

கிட்னி போன இரண்டு வருஷமாக தீனா வீட்டில் யாரிடமும் பேசவில்லை. எது கேட்டாலும் "ம்". ஹெட்செட்டை மாட்டினால் மட்டும், "டேய் தேவா, பின்னாடி பாருடா, செத்தடா நீ!" என்று கத்துவான். இருமல் வரும்வரை சிரிப்பான். ஆட்டத்தோடு சேர்த்து அதையும் அந்தப் பெரிய டிஸ்கில் பதிவு செய்து வைப்பான். அந்தச் சிரிப்பு எந்தப் போனிலும் இல்லை.

கதவு தட்டப்பட்டது. தாய்மாமன் மாரி.

"ப்ரியா! உள்ள இன்னா பண்ற? பெட்டியக் குடு."

"தூசி தொடைக்கிறேன் மாமா."

"குழிக்குப் போறதுக்கு இன்னாடி தூசி? எடுத்தா."

நான்கு ஸ்க்ரூவில் மூன்றுதான் ஏறியது. அப்படியே மூடினாள். பெரிய டிஸ்கை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள். அம்மா பெட்டியை வாங்கி முந்தானையால் ஒருமுறை துடைத்து, மாமாவிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். தீனாவோடு விளையாடும் தேவதாஸ் பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனிடமும் அதே மாதிரி பெட்டி உண்டு. பானுப்ரியா டிஸ்கை நீட்டினாள்.

"உன் பெட்டியில போட்டுக் காட்டு தேவா. அவன் சிரிக்கிறத ஒரு தடவ கேட்டாப் போதும்."

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத்த யாருக்கா கழட்டுனது?"

"நான்தான்."

"இது அந்தப் பெட்டியில இருந்தாத்தான்கா தொறக்கும். என்துல போட்டா, எல்லாத்தையும் அழிச்சிடட்டுமான்னு கேக்கும்."

"அவன் மாத்துனானே?"

"அது காலி டிஸ்க்குக்கா."

"கம்ப்யூட்டர்ல?"

"அதுலயும் தொறக்காது."

"அப்போ பெட்டி வேணும்."

"ஆமாக்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு நாற்காலியை எடுத்தான்.

காலையில் குழிக்குப் பால் ஊற்றப் போகும் மாமாவிடம் பெட்டியைத் தோண்டி எடுக்கச் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். கால்மாட்டில்தான் வைத்திருப்பார்கள். உடம்பைத் தொட வேண்டியதில்லை. திட்டுவார். திட்டட்டும். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மறுநாள் காலை மாமா பால் செம்போடு கிளம்பினார். பானுப்ரியா வாசலில் நிறுத்தினாள்.

"மாமா, அந்தப் பெட்டி..."

"கால்மாட்டுலதாம்மா வெச்சோம். மூணு அடியிலயே உப்புத் தண்ணி ஊறிடுச்சு. மொண்டு மொண்டு ஊத்தியும் நிக்கல. பெட்டி முழுகிடுச்சு. அம்மாகிட்ட சொல்லாத."

அவள் தலையாட்டினாள்.

ஏழரைக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். பானுப்ரியா செம்பை வாங்கிக் கழுவி வைத்தாள்.