கொத்தமல்லி ஓடைக்கு ஓர் அருவி

மழை நின்ற மறுநாள் காலை கொத்தமல்லி ஓடை நிவாரண முகாமுக்கு வந்து சேர்ந்தது. மலை சரிந்து அதன் வழி முழுவதையும் பாறையும் மரமுமாக அடைத்துவிட்டிருந்தது. போக்கிடமில்லாமல் இரவைத் தார்ச்சாலையில் கழித்துவிட்டு, ஊராரைப் போலவே அதுவும் வெள்ளாங்காடு நடுநிலைப் பள்ளியின் வாசலில் வரிசையில் நின்றது. கிராம நிர்வாக அலுவலர் அதற்கும் ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு ரொட்டிப் பொட்டலம் கொடுத்தார். ஈரமாக இருந்ததால் ஐந்தாம் வகுப்பைத் தனியாக ஒதுக்கித் தந்தார்.

பக்கத்து அறையில் துளசிமணியும் அவள் கணவர் பொன்னுச்சாமியும் தங்கியிருந்தார்கள். ஓடை மலையை விட்டு இறங்கும் இடத்தில்தான் அவர்களுடைய வாழைத்தோப்பு. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஓடையும் அவளும் அக்கம்பக்கம். முகாமில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தபோது ஓடைக்கு ஊறுகாய் வைக்க மறந்துவிட்டார்கள். துளசிமணிதான் தன்னுடையதைக் கொண்டுபோய்ப் போட்டாள். ஓடை அதைச் சுழற்றிச் சுழற்றி வெகுநேரம் ருசித்தது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ஓடை போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலை மடக்கி பெஞ்சின் மேல் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். தரை சமமாக இருந்தது ஓடைக்குப் பிடித்திருந்தது. சரிவில் ஓடி ஓடிப் பழகிய உடம்பு, முதல்முறையாக அலுப்புத் தீரப் படுத்திருந்தது.

அதற்குள் அரசு உதவி வந்துவிட்டது. பேரிடரில் சேதமான நீர்ப்பிடிப்புப் பகுதிகளைச் சீரமைக்கும் திட்டம். உதவிப் பொறியாளர் ஜெபராஜ் இயந்திரங்களோடு வந்து இறங்கினார். சிரித்த முகம். எந்த மேட்டைக் கண்டாலும் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். பாறைகளை அகற்றினார், விழுந்த மரங்களை இழுத்துப் போட்டார், இடிந்த கரைகளுக்குக் கல் பதித்தார், மேலே சரிவெல்லாம் வெட்டிவேர் நட்டார். வேலை முடிந்ததும் ஓடைக்குச் சொல்லி அனுப்பினார்.

ஓடை பார்க்க வந்தது. பேருந்துகள் நின்று வழிவிட்டன. துளசிமணி கரையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தோப்பில் நேந்திரன் குலை தள்ளியிருந்தது, இலை விளிம்பெல்லாம் பழுத்துக் கருகத் தொடங்கியிருந்தது. ஓடை புது வழியில் மெல்ல ஒருமுறை இறங்கிப் பார்த்தது. ஏறிப் பார்த்தது. வளைவில் கொஞ்சநேரம் நின்று யோசித்தது. பிறகு யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிட்டது.

துளசிமணிக்கு அழுகை முட்டியது. நேராக ஐந்தாம் வகுப்புக்குப் போனாள்.

“ஏங்கண்ணு, உனக்கு என்ன குறை வெச்சுட்டோம்? குலையெல்லாம் வாடுது, நீ இங்க பாய் விரிச்சுப் படுத்திருக்கே. எம்மேல ஏதாச்சும் கோவமா?”

ஓடை பேசுவதில்லை. அது எழுந்து பின் பெஞ்சின் மேல் ஏறி, அங்கிருந்து தரைக்குக் குதித்தது. மறுபடி ஏறியது. மறுபடி குதித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்றாவது தடவை கரும்பலகை உயரத்திலிருந்து குதித்து, துளசிமணியின் சேலையையெல்லாம் நனைத்துவிட்டு, நுரைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது.

“அருவி வேணுமாக்கும்” என்றாள் அவள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜெபராஜ் அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

“முன்னாடி அங்க அருவி இருந்துச்சாம்மா?”

“இல்லீங்க சார். சும்மா இறக்கந்தான்.”

“அப்ப கஷ்டம். இருந்ததை இருந்தபடி ஆக்கித் தரலாம். புதுசா சேர்க்க அரசு உதவியில இடமில்ல.” அவர் கொஞ்சம் யோசித்தார். “ஆனா மக்கள் பங்களிப்புன்னு ஒண்ணு இருக்கு. உயரத்தை நீங்க குடுத்தா, அதை நிறுத்தி வைக்கிற வேலையை நாங்க செய்யலாம்.”

ஊர் கூடியது. அருவிக்கு வேண்டியது உயரம்தான். உயரம் எல்லோரிடமும் கொஞ்சம் இருந்தது. பொறியாளரே கரையில் நின்று வாங்கிக்கொண்டார். ஒருவர் வந்து நின்றால் தலையில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, மூட்டையில் நெல்லைத் தட்டி அமுக்குவதைப் போல அமுக்குவார். கழன்று வந்த உயரத்தை ஈரச்சாக்கில் சுற்றிக் கரைமேல் அடுக்குவார்கள். பலரும் விரல்கடை அளவு கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் சாண் அளவு கொடுத்துவிட்டு, கல்லாப்பெட்டியைப் பார்க்க எக்கினார். ஊரே கலகலவென்று சிரித்துக்கொண்டு குட்டையாகியது. ஒருவர் வேட்டி மற்றவர் காலில் தடுக்கியது.

அடுக்கிப் பார்த்தால் போதவில்லை. இது சறுக்கலாம், குதிக்க முடியாது என்றார் ஜெபராஜ்.

எல்லோரும் துளசிமணியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். ஊரிலேயே நெட்டையான பெண் அவள். வாழைக்குலைக்கு முட்டுக் கொடுக்க ஏணி தேட மாட்டாள். சின்ன வயதில் பனைமரம் என்று கூப்பிட்டவர்களை அடித்து விரட்டியவள், பிறகு அந்த உயரத்தைத் தன் சொத்தாக வைத்துக்கொண்டவள். கல்யாணப் புகைப்படத்தில் பொன்னுச்சாமி ஒரு படி மேலே நின்றும் அவள் தோளுக்குத்தான் வந்திருந்தார்.

அவள் முன்னால் வந்து முடியை அவிழ்த்து இறக்கி முடிந்துகொண்டாள்.

“அமுக்குங்க சார்.”

“யோசிச்சுக்கம்மா. திரும்ப வராது.”

“வாழையும் திரும்ப வராதுங்க” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “அதுவும் எத்தனை நாளைக்குத்தான் பெஞ்சு மேலருந்தே குதிக்கும்” என்றாள்.

ஜெபராஜ் கல்லின் மேல் ஏறி நின்று அமுக்கினார். நிதானமாக, நெடுநேரம் அமுக்கினார். துளசிமணி கண்ணைத் திறந்தபோது கரையோரத்துப் புல் கிட்டத்தில் தெரிந்தது. பொன்னுச்சாமி அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் தலை அவள் தலைக்கு மேலே இருந்தது. அதை அவர் ஊராருக்குக் காட்டுவது போல ஒருமுறை நெஞ்சை நிமிர்த்திப் பார்த்தார். உடனே கூச்சப்பட்டு முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்.

“வீட்டுல மேல் பலகையில இருக்கற டப்பாவெல்லாம் நான் எடுத்துத் தரேன்” என்றார்.

“கேக்காம எடுத்துத் தரோணும்” என்றாள் துளசிமணி.

உயரத்தை நிறுத்திவைத்துச் சிமென்ட் பூசினார்கள். பூச்சு காய்ந்த அன்று ஓடை, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பியது. ஐந்தாம் வகுப்பு முழுவதும் பின்னாலேயே வந்தது. விளிம்புக்கு வந்ததும் ஓடை நின்றது. கீழே எட்டிப் பார்த்தது. இரண்டடி பின்வாங்கியது.

“குதி கண்ணு, நான் இருக்கறேன்” என்று கீழேயிருந்து துளசிமணி கையை விரித்தாள்.

ஓடை குதித்தது. வெள்ளை வெளேரென்று விழுந்து, சிதறி, எழுந்து, தோப்புக்குள் ஓடி, ஒவ்வொரு வாழையின் காலையும் தொட்டுவிட்டு வந்து மீண்டும் குதித்தது. துளசிமணி தலையிலிருந்து கால்வரை நனைந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் சிரிப்பு ஊருக்கெல்லாம் தெளிவாகக் கேட்டது. ஏனென்றால் அருவிக்குச் சத்தம் இல்லை.

“சத்தம் அடுத்த கட்டத்துல வரும்” என்றார் ஜெபராஜ்.

வந்தது. லாரிக்காரர் தார்ப்பாயை விலக்கி, “எங்கே இறக்கறதுக்கா?” என்று கேட்டார். நான்கு பேர் சத்தத்தைப் பிடித்து மெதுவாக இறக்கினார்கள். கயிற்றை அவிழ்த்ததும் ஓடை ஆசையாக எடுத்துப் போட்டுக்கொண்டது. ஜெபராஜ் காதைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் ஓங்கி வந்து, விழுந்து, பின்வாங்கி, சற்று ஓய்ந்து, மறுபடி ஓங்கியது.

“இது கடலோட சத்தம்மா. கரையோர ஊருக்குப் போக வேண்டியது.”

“திருப்பிக் குடுக்கோணுங்களா?”

“போட்டாச்சே. இனி வாங்க மாட்டாங்க.”

நேந்திரன் இலைகள் பச்சை பிடித்தன. குலைகள் கனத்தன. பொன்னுச்சாமி ஏணி வைத்து முட்டுக் கொடுக்க, துளசிமணி கீழே நின்று அப்படியில்லை இப்படி என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில், மலைப்பாதையில் ஆறேழு மீனவர்கள் ஒரு படகைத் தோளில் சுமந்தபடி ஏறி வந்தார்கள். கடல் சத்தம் கேட்டு வந்திருந்தார்கள். தோப்பின் ஓரத்தில் படகை இறக்கி வைத்துவிட்டு, அவர்களில் பெரியவர் தலைப்பாகையால் முகத்தைத் துடைத்தார்.

“வலை காயப்போட இடம் வேணுமே, தாயி?”

துளசிமணி சுற்றிலும் பார்த்தாள். கொடியில் கிடந்த துணிகளை எடுக்கச் சொல்லிக் கணவருக்குக் கைகாட்டினாள்.

“இங்க போட்டுக்குங்க. வெடியால நேரத்துல அலை கொஞ்சம் சாஸ்தியா இருக்கும், பாத்து இறங்குங்க.”