எருமைகிட்டச் சொன்னது

பாகம் பிரித்தபோது வெள்ளாமைக் காட்டையும் வீட்டையும் பிரிக்க முடிந்தது. எருமையைப் பிரிக்க முடியவில்லை. காலைப் பால் மூத்தவன் பெண்டாட்டி செல்லாயிக்கு, சாயங்காலப் பால் இளையவன் பெண்டாட்டி வசந்தாமணிக்கு என்று பேசி முடித்தார்கள். மாட்டுக்கொட்டாயும் கிணறும் பொதுவில் நின்றன.

மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கே அந்தக் காட்டில் வேறு வீடு கிடையாது. செல்லாயியின் புருசன் செத்துப்போய்விட்டார். வசந்தாமணியின் புருசன் நாச்சிமுத்து ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவான். இருந்தது இரண்டு பெண்கள். அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

கிணற்றுத் தண்ணி பாய்ச்சும் முறையில் வந்த சண்டை. "உன்ற வாய்க்குத்தான் வவுத்துல ஒண்ணும் தங்க மாட்டீங்குது," என்று செல்லாயி சொல்லிவிட்டாள். வசந்தாமணிக்கு அப்போதுதான் கரு கலைந்திருந்தது. அன்றைக்கு நின்றது 'அக்கா' என்கிற வார்த்தை.

அதற்குப் பிறகு பேச்செல்லாம் எருமையிடம்தான்.

"ஏ எருமை, அடுத்தவங்க வரப்புல மேயறமேன்னு வெக்கம் வேண்டாமா?" என்பாள் செல்லாயி.

"எருமையே, கொம்பு வளந்தாப் பெரிய மனுசி ஆயிர முடியுமா?" என்பாள் வசந்தாமணி, சாணி அள்ளிக்கொண்டே.

பால் வாங்க வரும் வியாபாரி சின்னண்ணன் சிரிப்பான். "ஏனுங்க, இந்த எருமைக்கு மட்டும் பேச்சுப் புரிஞ்சுதுன்னா கயித்த அத்துக்கிட்டு ஓடிருமுங்க!"

எருமை கன்று போட்ட அன்று, கன்றின் தலை மடங்கிச் சிக்கிக்கொண்டது. செல்லாயி ஒருத்தியால் முடியவில்லை.

"எருமையே, ஒருத்தி கை பத்தாது சாமி," என்றாள். குரல் உடைந்திருந்தது.

வசந்தாமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எருமையே, அழுதா ஆவுமா? நான் தலையத் திருப்பறேன், காலைப் புடிச்சு இழுக்கச் சொல்லு."

கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு பேரும் கை கழுவினார்கள்.

அப்புறமும் எருமையிடம்தான் பேசினார்கள். ஆனால் பேச்சு மாறிவிட்டது.

"எருமையே, கரண்ட் வந்திருச்சு. மொதல்ல அவ காட்டுக்குப் பாயட்டும், செடி வாடுது."

"எருமையே, நாளைக்குக் களையெடுக்க நானும் வாரேன். தனியாக் குனிஞ்சு இடுப்பொடிய வேண்டாம்னு சொல்லு."

அந்த வருசம் இரண்டு காட்டுக் கடலையையும் சேர்ந்தே பிடுங்கி, ஒரே களத்தில் காயப்போட்டார்கள். செல்லாயிக்கு ஒன்றுதான் குறை. அன்று சொன்னதைத் திருப்பி வாங்க வழி தெரியவில்லை. வசந்தாமணி ஒரு தடவை அக்கா என்று கூப்பிட்டால் போதும், கட்டிப்பிடித்து அழுது தீர்த்துவிடலாம் என்றிருந்தாள்.

மார்கழியில் வசந்தாமணிக்கு வயிற்றுவலி கண்டது. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்மா வீட்டு ஆட்கள் காரோடு வந்தார்கள். வலியோடு அவள் கொட்டாய்க்கு வந்து எருமையின் முதுகில் கை வைத்தாள்.

"எருமையே, போயிட்டு வாரேன்னு அக்காகிட்டச் சொல்லு."

செல்லாயி தூணைப் பிடித்துக்கொண்டாள். வசந்தா என்று கூப்பிட வாயெடுத்தாள். பழகிய வாய் எருமைப் பக்கமே திரும்பியது.

"எருமையே, பயப்படாமப் போகச் சொல்லு. அவ பாலையும் நானே கறந்து ஊத்தறேன்."

வசந்தாமணி லேசாகச் சிரித்தாள். கார் போய்விட்டது.

வந்ததும் நேராகவே கூப்பிட்டுவிடுவது என்று செல்லாயி முடிவு செய்தாள். பால் கறக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "வசந்தா, வா சாமி."

பொங்கலுக்கு முன்னால் அதே கார் திரும்பியது. பின் சீட்டில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். நாச்சிமுத்துவுக்குத் தந்தி போயிருந்தது.

வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். "மூத்தவ நீதான் மொதல்ல சொல்லி அழோணும்," என்று தலைமாட்டில் இடம் விட்டார்கள். செத்தவளை நேராகக் கூப்பிட்டுத்தான் அழ வேண்டும். செல்லாயியின் வாய் திறந்தது. பேர் வரவில்லை.

எழுந்து கொட்டாய்க்குப் போனாள். அது வசந்தாமணி பால் கறக்கும் நேரம். மடி கட்டிப்போய் எருமை கத்திக்கொண்டிருந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எருமையே, அக்கா கூப்பிடறேன்னு அவகிட்டச் சொல்லு. சொல்லு சாமி, நீ சொன்னாத்தான் அவ கேப்பா."